பாலுக்கு முந்திய கருவாடு

அம்மா,

நேற்றுப் புது வீட்டில் பால் காய்ச்சினோம். வந்தவர்களில் பாதிப் பேர் வாசலிலேயே மூக்கைச் சுருக்கினார்கள். மாவிலைத் தோரணம் கட்டி, ஊதுவத்தி கொளுத்தி, சாம்பிராணி போட்டு என்ன செய்தும் பலிக்கவில்லை. வீடு முழுக்க நெத்திலிக் கருவாடு மணந்தது. எதிர் வீட்டுக்காரர் நாகரிகம் தெரிந்தவர். "அடுப்பு ஏற்கெனவே புழக்கத்துல இருக்கு போலுக்கே" என்று மட்டும் சொல்லிவிட்டு லட்டை எடுத்துக்கொண்டார். "ஆமா அண்ணாச்சி, ஒரு வாரமா வறுக்கேன்" என்றேன். கொஞ்சமாவது கூச்சம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உன் மகள் என்று மார்தட்டிக்கொள்ள இதைவிட நல்ல நாள் எனக்கு வாய்த்ததே இல்லை.

இன்று காலையில் கூடத்துத் திரைச்சீலையை இழுத்து முகர்ந்தேன். அதிலும் கருவாடுதான். காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஆனாலும் உன்னிடம் சொல்லாமல் குடிவந்தால் குடிவந்த மாதிரியே இல்லை எனக்கு.

வண்ணார்பேட்டை வளவு நினைவிருக்கிறதா? ஒரே காம்பவுண்டுக்குள் ஐந்தாறு வீடு, எல்லாருக்கும் ஒரே குழாய், குழாயடியில் எந்நேரமும் பஞ்சாயத்து. அந்த வீட்டில்தான் அப்பாவுக்குப் பார்வை போனது. பாபநாசம் ரூட்டில் பஸ் ஓட்டிய மனுஷன். கண்ணில் அழுத்தம் என்று டாக்டர் கண்டுபிடிக்கும்போதே பாதி போயிருந்தது. மிச்சமும் இரண்டு வருஷத்தில் பைய அணைந்துவிட்டது. வேலை போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். யாராவது கையைப் பிடித்தால்தான் பொறுக்கமாட்டார். "நான் என்ன லக்கேஜா, ஏத்தி எறக்குததுக்கு?" என்று கையை உதறுவார். அப்படி உதறி உதறியே அந்தச் சின்ன வீட்டை மனப்பாடம் செய்தார். தானே போய் முகம் வழிப்பார், அடுக்களைக்குப் போய்த் தானே காபி ஆற்றிக்கொள்வார். புதிதாக வருகிறவர்களுக்கு அவருக்குக் கண் தெரியாது என்பதே கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரியும். அதில் அவருக்கு ஒரு திமிர். உனக்கு அதைவிடப் பெரிய திமிர்.

அப்போதுதான் வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம் வைத்துவிட்டு, வீட்டைக் காலி செய்துதரச் சொன்னார். நம் சொந்தமெல்லாம் திரண்டு வந்து துக்கம் விசாரிப்பதுபோல் உட்கார்ந்தது. சேரன்மகாதேவியிலிருந்து அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, தீர்மானத்தோடேயே வந்திருந்தாள். "தம்பிய நான் கூட்டிட்டுப் போயிருதேன். எங்க வீட்டுல ஒரு ரூம்ல கட்டிலப் போட்டு, பக்கத்துல ஒரு மணிய வச்சிட்டா, வேணுங்கும்போது அடிச்சிக்கிடுவான். நீ பிள்ளைகளப் பாத்துக்கோ" என்றாள். அத்தை கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தம்பி என்றால் அவளுக்கு உயிர். அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். நான் எட்டாம் வகுப்பு. அப்பா அப்படித் திரும்பி உட்கார்ந்ததை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன்.

நீ காபி டம்ளர்களைச் சேகரித்துக்கொண்டே சொன்னாய்: "மணி அடிச்சாத்தான் தண்ணி கெடைக்கும்னா அது ஆசுபத்திரி மயினி, வீடு இல்ல. அவிய எங்க போனாலும் நடந்துதான் போவாவ."

அதற்கப்புறம் நீ வீடு பார்த்த அழகை நான் பலரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். மற்றவர்கள் தண்ணீர் வருமா, வாடகை என்ன, அட்வான்ஸ் எவ்வளவு என்று கேட்பார்கள். நீ வாசற்படியில் நின்று கண்ணை மூடிக்கொள்வாய். கையை முன்னால் நீட்டிக்கொண்டு பைய உள்ளே போவாய். மீனாட்சிபுரத்தில் ஒரு வீட்டுக்காரம்மா மிரண்டுபோய், "ஏம்மா, இவியளுக்கு அருள் வருதா?" என்று என்னைக் கேட்டாள். உனக்கு அருள் எல்லாம் வரவில்லை. வெளியே துருத்திய ஜன்னல் கம்பி இடுப்பில் இடித்தது. "இந்த வீடு ஆகாது" என்று வெளியே வந்துவிட்டாய். இப்படி எத்தனை வீடு! நான் வெட்கத்தில் தெருவில் தள்ளி நின்றுகொள்வேன். கடைசியில் தச்சநல்லூரில் ஒரு வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு போனவள் பின்வாசல் வரை போய், அங்கிருந்தே கூப்பிட்டாய்: "ஏளா, இங்கன வா. இதுதான் நம்ம வீடு."

அந்த வீட்டுக்காரர் நல்லவர். "வெள்ளையடிச்சுத் தாரேன்" என்றார். வாடகைக்குப் போகிற எவளாவது அதை வேண்டாம் என்பாளா? நீ சொன்னாய். அவர் உன்னைச் சந்தேகமாகப் பார்த்தார். சுண்ணாம்பு வாசனை பத்து நாளைக்கு வீட்டையே மூடிவிடும், அப்பாவுக்கு எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் போய்விடும் என்று நீ அவருக்கு விளக்கவில்லை. "எங்களுக்குப் பழைய செவருதான் ராசி" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாய். அவரும் சந்தோஷமாகச் செலவை மிச்சம் பிடித்துக்கொண்டார்.

அப்பாவுக்கு மூக்குதான் பாதிக் கண் என்று கண்டுபிடித்தவள் நீ. டாக்டர் சொல்லவில்லை, யாரும் சொல்லவில்லை. அதனால்தான் அந்த வாரம் முழுக்க நீ செய்ததெல்லாம் மற்றவர்களுக்குக் கிறுக்குத்தனமாகத் தெரிந்தது. குளியலறையில் சிவப்பு சோப்பை நனைத்து வைத்தாய். வாசல் நடைக்கு ஒரு மருக்கொழுந்துத் தொட்டி. அடுக்களைக்கு ஒரு படி இறங்க வேண்டும்; அந்த விளிம்பில் காலுக்குத் தட்டுப்படும்படி ஒரு சாக்கு. கட்டிலும் பீரோவும் நாற்காலியும் வண்ணார்பேட்டையில் எப்படி ஒன்றுக்கொன்று பார்த்துக்கொண்டு இருந்தனவோ அப்படியே. அப்பாவின் தலையணை உறையை மட்டும் நீ துவைக்கவிடவில்லை. எண்ணெய்ப் பிசுக்கோடு அது அப்படியே வந்து சேர்ந்தது.

ஆனால் நீ செய்த பெரிய அக்கிரமம் கருவாடுதான். புது வீட்டு அடுப்பில் முதன்முதலில் பால்தான் பொங்க வேண்டும் என்பது உலகத்துக்கே தெரியும். நீ அதற்கு முந்தின நாளே வாணலியை வைத்து நெத்திலிக் கருவாட்டை வறுத்து எடுத்துவிட்டாய். மறுநாள் விடியற்காலையில் நிறைகுடமும் உப்பும் மஞ்சளுமாக வந்த அத்தை வாசலிலேயே குடத்தோடு நின்றுவிட்டாள்.

"ஏட்டி, என்ன நாத்தம் இது? பால் பொங்காத வீட்டுல கருவாடா வறுத்துருக்க? குடும்பம் விளங்குமா?"

நீ அடுப்படியிலிருந்து வெளியே வந்தாய். அத்தைமேல் உனக்குப் பயம் உண்டு என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் சொன்னாய்.

"மயினி, பால் பொங்குனா அந்த வாசம் அடுப்ப அணைக்கதுக்குள்ள போயிரும். கருவாடு நாலு நாளைக்கு நிக்கும். அவியளுக்கு அடுக்களை எங்கன இருக்குன்னு யாரு சொல்லுவா? பாலா சொல்லும்?"

அத்தை "என்ன எழவோ செய்யி" என்று குடத்தை இறக்கினாள்.

குடும்பத் தலைவரை முதலில் உள்ளே விடுவதுதான் வழக்கம். நீ அப்பாவைக் கடைசியில் வரவழைத்தாய். நான்தான் அவரோடு ஆட்டோவில் வந்தேன். ஆற்றுப் பாலத்தில் ஏறியதும் காற்றை இழுத்து, "தண்ணி நல்லா போவுது" என்றார். பாலம் இறங்கியதும் ஆட்டோக்காரருக்கு வழி சொல்ல ஆரம்பித்துவிட்டார். "இடதுபக்கம் பள்ளம் கெடக்கும், ஒதுங்கிப் போ வே." பள்ளம் இருந்தது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் அப்பாவின் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் பெருமையாக வெளியே வேடிக்கை பார்த்தேன்.

வாசலில் இறங்கினார். யாரும் வழி சொல்லவில்லை. மருக்கொழுந்துப் பக்கம் முகத்தைத் திருப்பினார், நடையைக் கண்டுகொண்டார், வலது காலை வைத்து ஏறினார். கூடத்தில் கொஞ்சம் நின்றார். பிறகு நேராக அடுக்களையைப் பார்த்து நடந்தார். காலில் சாக்குத் தட்டியதும் படி என்று தெரிந்து நிதானித்து இறங்கி, மேடையில் கையை வைத்துச் சொன்னார்: "நெத்திலி. உப்பு கொஞ்சம் தூக்கலு."

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும், "பால்கூட கருவாடு மணக்கு" என்று குறை சொன்னாள். சொல்லிக்கொண்டே இரண்டு டம்ளர் குடித்தாள்.

அந்த வீட்டில்தான் அண்ணனும் நானும் படித்தோம், கல்யாணமாகிப் போனோம். நீ போன பிறகு நானும் உன் மருமகனும் அங்கேயே அப்பாவோடு வந்துவிட்டோம். உன் கையால் வைத்ததை ஒரு சாண் நகர்த்தவில்லை. நீ இல்லாத வீட்டிலும் அப்பா நீ போட்டுக்கொடுத்த வழியிலேயே நடந்துகொண்டிருந்தார். ஒரு மனுஷி செத்த பிறகும் இவ்வளவு வேலை பார்க்க முடியும் என்று நான் நினைத்ததில்லை.

இப்போது சொந்த வீடு. தச்சநல்லூர் தாண்டிக் கங்கைகொண்டான் போகிற வழியில், பின்னால் வயல் இருக்கிற மனை. கங்கைகொண்டான் கம்பெனியில் எனக்கு இப்போது சூப்பர்வைசர் வேலை. ஷிப்ட் முடிந்து வருகிற வழியிலேயே வீடு. அஸ்திவாரம் போடும்போதே அண்ணன் சென்னையிலிருந்து போன் போட்டான். "அப்பாவுக்கு ஒரு ரூம், அதுக்குள்ளயே பாத்ரூம், கட்டில் பக்கத்துல ஒரு காலிங் பெல் சுவிட்ச். அந்த வயசுல புது வீடெல்லாம் பழக முடியாதுளா." அத்தையின் மணி கரண்டில் வேலை செய்கிற காலம் வந்துவிட்டது. நான் உன்னைப் போலவே டம்ளரைக் கழுவிக்கொண்டே, அப்பா நடந்துதான் போவார் என்று பதில் சொன்னேன். அடுக்களை, குளியலறை, அப்பாவின் கட்டில் எல்லாம் பழைய வீட்டில் இருக்கிற திசைக்கே வரவேண்டும் என்று மேஸ்திரியிடம் சண்டை போட்டு வாங்கினேன். ஒன்றையும் விடவில்லை என்று எனக்கு நினைப்பு.

ஒன்றை விட்டிருந்தேன். சொந்த வீடு அல்லவா! உள்ளெல்லாம் வழவழவென்று பெயிண்ட், கதவுகளுக்கெல்லாம் பளபளவென்று வார்னிஷ்; வீடு முழுக்க அந்த நெடிதான். முகூர்த்தத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அப்பாவுக்குக் காட்டலாம் என்று கூட்டிப்போனேன். வாசலில் ஏறினார். கூடத்துக்கு நடுவில் நின்றார். தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பினார். அடுக்களை என்று நினைத்துச் சுவரைப் பார்த்துப் போனார். முட்டிக்கொள்வதற்கு முன் நின்றுவிட்டார். அப்புறம் சொன்னார், மெதுவாக:

"ஏளா, கையக் குடு."

அம்மா, என் வாழ்க்கையில் அப்பா அதைக் கேட்டு நான் கேட்டதில்லை. நீயும் கேட்டிருக்கமாட்டாய். கையைக் கொடுத்தேன். பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். ஆட்டோவில், "வீடு நல்லா பெருசா இருக்கு" என்று சொன்னார். மறுநாள், "எனக்கு அந்த ரூமே போதும்ளா. உங்க அண்ணன் சொல்லுத பெல்லையும் வச்சிரு" என்றார். இத்தனை பாடுபட்டு ஒரு வீட்டைக் கட்டி, அதில் அப்பாவை உட்கார வைத்துவிட்டோமே என்று அழுதேன். முகூர்த்தத்தைத் தள்ளலாம் என்றால் அடுத்து மார்கழி. தை பிறக்கும்வரை பழைய வீட்டுக்காரர் பொறுக்கமாட்டார்.

உன் மருமகன் கைக்குக் கிடைத்த மின்விசிறிகளையெல்லாம் கொண்டுபோய் ஜன்னல்களைத் திறந்துவைத்து ஓடவிட்டார். எனக்கும் கருவாட்டு நினைப்பு வராமல் இல்லை. ஆனால் வாடகை வீட்டில் நீ செய்த துணிச்சல் சொந்த வீட்டில் எனக்கு வரவில்லை. பால் பொங்காத அடுப்பு. நாளைக்கு ஒன்று என்றால் ஊர் என்ன சொல்லும் என்று தயங்கிக்கொண்டிருந்தேன்.

யார் வந்து நின்றார்கள் தெரியுமா? அத்தை. முட்டு வலியோடு சேரன்மகாதேவியிலிருந்து பஸ் ஏறி, கையில் ஒரு மஞ்சப்பையோடு. அப்பா போனில் பெல் கதையைச் சொல்லியிருக்கிறார். அத்தை புது வீட்டு அடுக்களைக்குள் போய் மேடையில் பையைக் கவிழ்த்தாள். எல்லாம் நெத்திலி.

"அடுப்பப் பத்த வையிளா."

"அத்த, பால் இன்னும் காய்ச்சலையே."

"பாலு எங்கயும் ஓடிராது. உங்க அம்மை இருந்தா இந்நேரம் மூணு தடவ வறுத்துருப்பா. அன்னைக்கு அவள எதுத்து நின்னவ நான்தான். இன்னைக்கு நானே வந்துருக்கேன், பத்த வையி."

பற்ற வைத்தேன். தினமும் ஷிப்ட் முடிந்து நேராக அங்கே போய் வறுத்தேன். பெயிண்ட் வாசனையும் கருவாட்டு வாசனையும் இரண்டு நாள் மல்லுக்கட்டின. மூன்றாம் நாள் கருவாடு ஜெயித்தது. அந்த மனையைச் சுற்றி இருக்கிற பூனையெல்லாம் எங்களுக்கு முன்னாலேயே குடிவந்துவிட்டன. சோப்பு, மருக்கொழுந்து, துவைக்காத தலையணை உறை, எல்லாம் நீ வைத்தது வைத்தபடி. முந்தாநாள் குட்டியானை வண்டியில் சாமான்களை ஏற்றி வந்து, கட்டிலையும் பீரோவையும் நாற்காலியையும் அதனதன் இடத்தில் நிறுத்திவிட்டுத்தான் வீட்டைப் பூட்டினேன்.

நேற்று அப்பா கடைசியாக வந்தார். அண்ணன் பாசத்தில் ஓடிப்போய்க் கையை நீட்டினான். அத்தை நிறைகுடத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையால் அவன் கையைத் தட்டிவிட்டாள். "சும்மா நில்லுலே." அப்பா வாசலில் நின்று மூச்சை இழுத்தார். நடந்தார். கூடத்தைத் தாண்டி, யார்மேலும் உரசாமல், அடுக்களை வரைக்கும் ஒரே நடை. மேடையில் கையை வைத்தார்.

"யாரு வறுத்தா?"

"நான்தாம்பா."

"கருகிப் போச்சு. அவ பக்குவம் ஒனக்கு வராது." மேடை விளிம்பைத் தடவிக்கொண்டே சொன்னார்: "ஆனா எடம் தெரியுது."

அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தான். அப்பா கேட்டாரே என்று பெல் சுவிட்சுக்கு மேஸ்திரி போட்டிருந்த ஓட்டையை, சாயங்காலம் அவனே சிமெண்ட் குழைத்துப் பூசினான். பூசின லட்சணத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை.

இன்று காலையில் நடந்ததைச் சொல்லத்தான் முக்கியமாக எழுத உட்கார்ந்தேன். கூடத்தில் எதையோ இழுக்கிற சத்தம் கேட்டு ஓடினேன். அப்பா தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு பின்பக்க ஜன்னலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார். அத்தனை வருஷம் அசையாத நாற்காலி!

"எப்பா, அங்கன வேண்டாம்! அம்மா வச்ச எடத்துலயே இருக்கட்டும்."

"உங்க அம்மை வச்ச எடம் சரிதாம்ளா. அந்த வீட்டுல இங்கன ஜன்னல் கெடையாது. வயக்காட்டுக் காத்து வருது பாரு."

"தட்டி விழுந்துருவீங்கப்பா."

"நானே வச்சத நானே தட்டி விழுவேனா?"

நாற்காலியை ஜன்னலோரம் நிறுத்தி, அதன் கையைத் தடவிப் பார்த்து, பீரோ எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒரு முறை போய்த் தொட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். அந்த நேரம் முழுக்க என் கை பாதி நீண்டபடி நின்றது. நான் சிரமப்பட்டுத்தான் அதை இழுத்துக்கொண்டேன். தச்சநல்லூர் வீட்டில் அப்பா முதல்முதல் நடந்தபோது நீ முந்தானையை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டு நின்றது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பயந்துபோய் நிற்கிறாய் என்றுதான் இத்தனை நாளாக நினைத்திருந்தேன். இப்போது தெரிகிறது, கை தானாக நீண்டுவிடாமல் கட்டிப்போட்டிருக்கிறாய். வாசனை, சாக்கு, தலையணை எல்லாம் எனக்குச் சுலபமாக வந்துவிட்டது அம்மா. இந்த ஒன்றைத்தான் தினமும் பழகவேண்டியிருக்கிறது. பழகிக்கொண்டிருக்கிறேன்.

அப்பா ஜன்னலோரத்திலிருந்து, "ஏளா, காபி ஆயிட்டா?" என்று குரல் கொடுத்தார். டம்ளரைக் கையில் எடுத்தவள் திரும்ப மேடையிலேயே வைத்தேன்.

"ஆயிட்டுப்பா. அடுக்களையில இருக்கு, வாங்க."

புது இடத்திலிருந்து புது வழி. வந்தார்.